மேலுக்கு வந்த பிள்ளைகள்

கிட்ட வாங்க பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட. வாவிக் காற்று பேச்சைக் களவெடுக்கிற காற்று. தள்ளியிருந்தால் பாதிக் கதை அக்கரைக்குப் போய்விடும். இன்றைக்கு ஒரு சண்டைக் கதை சொல்லப்போகிறேன். துவக்கும் குண்டுமாக நடந்த சண்டை இல்லை. அதை உங்கள் தாய்தகப்பன் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டார்கள். இது ஒரு பொம்பிளை ஒரு சொல்லுக்காகப் பிடித்த சண்டை. கேட்டு முடியும்போது உங்களுக்கும் வயிறு எரியும். எரியட்டும். எரிய வேண்டிய இடத்தில் எரியாத வயிறு என்ன வயிறு?

அந்தப் பொம்பிளையின் பெயர் றோசம்மா. மட்டக்களப்பில், தேற்றாத்தீவுக்கு இப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு கரையூர்க்காரி. கடல் எழும்பி வந்து ஊரைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, வாவிப் பக்கமாக வீட்டுத்திட்டம் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வீடு அவளுக்கும் கிடைத்தது. புருசன் ஜெயராஜா ஆற்றுத் தொழில்காரன். வாவியை நம்முடைய ஆட்கள் ஆறு என்றுதானே சொல்வது. அவன் கூனி வடித்துக்கொண்டு வருவான். அரிசிப் பருமனில் இருக்குமே, அந்தப் பொடி இறால். அவள் அதைச் சாக்கில் பரப்பி வெயிலில் காயவைத்து விற்பாள். வீடு முழுக்கக் கூனி மணக்கும். மகள் மேர்லினின் பள்ளிக்கூடச் சட்டையும் மணக்கும். "கூனி வருது, மூக்கப் பொத்துங்க" என்று வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்களாம். மேர்லின் அழமாட்டாள். சொன்ன பிள்ளையின் குரலிலேயே அதைத் திரும்பச் சொல்லிக் காட்டி, அந்தப் பிள்ளையையே சிரிக்க வைத்துவிடுவாள்.

குரல் பிடிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. பாதரின் பிரசங்கம், மீன்காரனின் கூவல், சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்கும் ஆமிக்காரனின் உடைந்த தமிழ், எல்லாம் வரும். எழுத்துத்தான் வராது. அவள் கெட்டிக்காரி என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. எழுத்துகள் அவளுக்கு நண்டுகள் மாதிரி. உற்றுப் பார்த்தால் பக்கவாட்டில் ஓடிவிடும். கடல் வந்தபோது அவளுக்கு நாலு வயது. பாலர் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில், அந்தப் பாலர் பள்ளியே ஊஞ்சலோடும் கூரையோடும் போய்விட்டது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் அ, ஆ எழுதிய காலத்தில் இவள் முகாமில், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் கிடந்தாள். பேச்சுத் திரும்பி வர ஒரு வருசத்துக்குக் கிட்டப் பிடித்தது. இப்போது ஐந்தாம் வகுப்பு.

ஐந்தாம் வகுப்பென்றால் புலமைப்பரிசில் பரீட்சை. நம்முடைய நாட்டில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற தராசு அது.

துவக்குச் சண்டை முடிந்து அடுத்த வருசம். பரீட்சைக்கு முந்திய கிழமை, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கூட்டம் கலைந்த பிறகு அதிபர் மூன்று தாய்மாரை மட்டும் நிற்கச் சொன்னார். அதிபர் என்றால் யூஸ்டஸ் சேர். டவுனில் இருக்கிற பறங்கிக் குடும்பத்து மனிதர்; தகப்பனை டடா என்று கூப்பிடுகிற ஆட்கள். வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. கணக்குப் படிப்பிப்பதில் மட்டக்களப்பிலேயே பெயர் எடுத்தவர். ஐந்தாம் வகுப்பையும் அவரே வைத்திருந்தார்.

"உங்கட மூணு பேர்ட பிள்ளைகளப் பத்தித்தான் கதைக்கணும்" என்றார். "போன வருசம் எங்கட பள்ளிக்கூடத்தில எழுபது புள்ளிக்குக் கீழ ஒரு பிள்ளையும் இல்ல. நூற்றுக்கு நூறு பேரும் பாஸ். இந்த முறையும் அப்படி வந்தா மேல் மாடி கட்டித் தாறதா மந்திரி சொல்லியிருக்கார்."

"நல்ல விசயம் சேர். அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ஒண்டும் செய்யத் தேவையில்ல. ஞாயிற்றுக்கிழமைதானே சோதினை. பிள்ளைகள வீட்டில வச்சிருங்க. காய்ச்சல் எண்டு சொன்னாச் சரி."

மற்றவள் யோசித்தாள். "மூணு பேருக்கும் ஒரே நாளில காய்ச்சல் எண்டா நம்புவாங்களா சேர்?"

"ஒராளுக்கு வயித்தோட்டம் எண்டு சொல்லுங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். றோசம்மாவும்தான் ஆட்டினாள். கொச்சிக்காய் அரிந்திருக்கிறீர்களா? அரியும்போது ஒன்றும் தெரியாது. அரிந்த கையால் முகத்தைத் தொடும்போதுதான் தெரியும். றோசம்மாவுக்குக் கோபம் அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, கூனிச் சாக்கைப் புரட்டிக்கொண்டிருக்கையில், மேர்லின் ஓடி வந்து, "அம்மா, சோதினைக்கு ரெண்டு பென்சில் கொண்டுபோகணுமாம். சீவித் தாங்க" என்றாள். அப்போது பிடித்தது எரிவு.

ஜெயராஜாவிடம் சொன்னாள். அவன் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "அப்ப நல்லம்" என்றான்.

"என்ன நல்லம்?"

"சேரே சொல்லிட்டார்தானே. ஞாயிற்றுக்கிழமை காலையில என்ட பிள்ளை எங்கயும் போகாது."

"அந்த மனிசன் நம்மட பிள்ளைய மொக்கு எண்டு ஒளிச்சு வைக்கச் சொல்றார். நீங்க நல்லம் எண்டுறீங்க!"

"ஒளிச்சு வைக்கிறதில என்ன பிழை? மற்றவன ஒளிச்சு வச்சிருந்தா இண்டைக்கு இருந்திருப்பான்."

றோசம்மா சாக்கைப் புரட்டத் திரும்பினாள். மற்றவன் என்று அவன் சொன்னது மூத்த மகன் ஜெராட்டை. அந்தப் பெயரை ஜெயராஜா வாயெடுத்துச் சொல்லி வருசக்கணக்கு.

ஜெராட்டின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் இந்தச் சண்டை விளங்காது. அந்தக் கரை முழுவதற்கும் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவில்லை. இதே ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் அவன் எடுத்த புள்ளியைக் கேட்டு, பாதர் பூசையில் பெயர் சொல்லி வாழ்த்தினார். யூஸ்டஸ் சேர் அப்போது அதிபர் இல்லை. கரையோரத்துப் பொது மண்டபத்தில் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு வகுப்பு இருந்தது. ஒன்று எல்லாருக்கும். மற்றது ஞாயிறு காலையில், நல்ல புள்ளி எடுத்தவர்களுக்கு மட்டும். கெட்டிக்காரர் வகுப்பு என்று பெயர். தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் அதிலிருந்து கலைத்துவிடுவார். சொந்தக்காரன், பணக்காரன் என்று பார்க்கமாட்டார். ஜெராட் பத்தாம் வகுப்பில் இருந்த வருசம், மார்கழி மாதத்தில், தன் சொந்த மகன் டரலையே அப்படிக் கலைத்தவர்.

அந்த வருசம் நத்தாருக்கு, அதுதான் இயேசு பிறந்த நாளுக்கு, அடுத்த நாள் ஞாயிறு. "நத்தார் முடிஞ்ச கையோட வகுப்பா?" என்று றோசம்மா முணுமுணுத்தாள். "கெட்டிக்காரருக்கு ஏதுகா லீவு" என்று ஜெயராஜா சிரித்தான். பதினைந்து வயதுப் பொடியனைச் சைக்கிள் பாரில் இருத்தி, அவன் கூச்சப்பட்டு இறங்கப் பார்க்க விடாமல், மண்டப வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான். வகுப்புக்கு எடுபடாத பிள்ளைகள் கடலுக்குத் தள்ளி உள்ளுக்குள் இருந்த கோயிலுக்குப் பூசைக்குப் போனார்கள். டரல் தகப்பனோடு கோபித்துக்கொண்டு, விடிய முதல் பஸ்ஸில் செங்கலடிக்கு மாமன் வீட்டுக்குப் போனான்.

பிறகு கடல் வந்தது.

யூஸ்டஸ் சேர் மண்டபத்துக் கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார். உள்ளங்கைத் தோல் உரிந்துபோய் ஆசுபத்திரியில் கிடந்தார். கெட்டிக்காரர்களில் ஒருவரும் தப்பவில்லை.

இப்போது அந்தச் சொல்லைச் சொல்கிறேன். படித்து, உத்தியோகம் பார்த்து, நாலு பேர் மதிக்க வாழ்கிறவனை "மேலுக்கு வந்தவன்" என்று சொல்வோம் இல்லையா? கடல் வந்த கிழமையில் அந்தக் கரையில் அதே சொல் வேறு ஒன்றுக்கு ஆகிவிட்டது. கடல் அள்ளிக்கொண்டு போனதில் பாதியை வாவிக்குள்தான் கொட்டியிருந்தது. தாய்மார் வாவிக் கரையில் நின்று, வருகிற தோணிக்காரர்களிடம், "இண்டைக்கு ஆர் மேலுக்கு வந்த?" என்று கேட்பார்கள். தோணிக்காரன் கண்ணைப் பார்க்காமல் பதில் சொல்வான். மேலுக்கு வந்த பிள்ளையைத் தாய் கட்டிப் பிடித்து அழுதாள், அடக்கம் பண்ணினாள். ஜெராட் மேலுக்கு வரவேயில்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் கரையில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சும்மா பாவிப்பதில்லை. "முன்னேறிட்டான்" என்பார்கள், "நல்லா வந்திட்டான்" என்பார்கள். அதைமட்டும் சொல்லமாட்டார்கள்.

யூஸ்டஸ் சேருக்கு இது தெரியாது. அந்தக் கிழமை அவர் ஆசுபத்திரியில் கிடந்தார். குணமான பிறகும் அந்தப் பிள்ளைகளின் வீடு ஒன்றுக்கும் அவர் வரவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் றோசம்மா கூனிச் சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு, கையை எலுமிச்சம் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். மேர்லினின் சுட்டெண் அவளுக்கு வேண்டும். பரீட்சைக்குப் போகும் பிள்ளை சட்டையில் குத்திக்கொள்ளும் நம்பர் அது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மூன்றை மட்டும் சேர் மேசைக்குள் வைத்திருந்தார்.

அதிபர் பள்ளிக்கூட மண்டபத்தில் தன் மேசையருகே நின்றார். சுவர் நிறையப் படங்கள். டொக்டர்மார், எஞ்சினியர்மார், பட்டமளிப்புக் கவுன் போட்டவர்கள், பின்னால் பனி கொட்டிக் கிடக்க நிற்பவர்கள். எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். ஏணியில் ஒருவன் நின்று, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, புதுப் படம் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். அது டரல். அவன் இப்போது மரவேலை செய்கிறான். சுவரில் இருந்த சட்டம் எல்லாம் அவன் செய்தது.

படங்களுக்கு மேலே, சிவப்பு மையில், முழ நீள எழுத்தில் எழுதியிருந்தது: மேலுக்கு வந்த எங்கள் பிள்ளைகள்.

றோசம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன றோசம்மா?" என்றார் சேர்.

"மேர்லின்ட நம்பரத் தாங்க சேர். அவ சோதினை எழுதுவா."

"நேத்துச் சரி எண்டு தலை ஆட்டினீங்க."

"ஆட்டினன். இப்ப ஆட்டல்ல."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். பொறுமையாகச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "இஞ்ச பாருங்க. எனக்கு இதில முப்பது வருசம். பாலர் பள்ளி பாக்காத பிள்ளை, அத்திவாரம் இல்லாத வீடு. ஐஞ்சாம் வகுப்பிலயே நான் சொல்லிடுவன், ஆர் எங்க போவாங்க எண்டு. சும்மாவா சொன்னாங்க, விளையும் பயிர் முளையில தெரியும் எண்டு?"

"என்ட அப்பா வட்டையில வயல் செய்த மனிசன் சேர். முளையப் பாத்துச் சொல்லுவார், ஓம். ஆனா வெள்ளம் வாறத எந்த முளையில பாக்கிற?"

அவர் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினார்.

"ஜெராட்ட முளையப் பாத்து என்ன சொன்னீங்க? டொக்டர் எண்டீங்க. என்ட வீட்டு வாசல்ல நிண்டு சொன்னீங்க. முன் வாங்கில இருத்தினீங்க. மொக்கு எண்டு நீங்க கலைச்ச பிள்ளைகளெல்லாம் அண்டைக்குப் பூசையில நிண்டிச்சி. இண்டைக்குப் பிள்ளையும் குட்டியுமா இருக்கு. என்ட பிள்ளைய அந்த மண்டபத்தில கொண்டுபோய் இருத்தினது அவன்ட புள்ளிதான்."

"கடல நானா கொண்டுவந்தன்?" சேரின் குரல் உயர்ந்தது. "சொல்லுங்க றோசம்மா. நானா கொண்டுவந்தன்?"

"இல்ல. கடலுக்காக எனக்கு உங்களோட கோவம் இல்ல. அவன்ட படம் எங்க?"

"என்ன?"

"இந்தச் சுவரில என்ட மகன்ட படம் எங்க?"

"இது... இது சாதிச்ச பிள்ளைகள்ட படம். அவன் இருந்திருந்தா முதலாவதா அவன்தான்..."

"அப்ப அவன் சாதிக்கல்ல. உங்கட கணக்கு எப்பவும் சரியா வாறது இதாலதான் சேர். பிழைச்ச கணக்கெல்லாம் நீங்க அழிச்சிட்டீங்க. கடலுக்குப் போனத அழிச்சீங்க. இயக்கத்தோட காட்டுக்குப் போனத அழிச்சீங்க. வெள்ளை வேனில பிடிச்சுக்கொண்டு போனத அழிச்சீங்க. அதிலயும் முதலாம் பிள்ளைகள் இருந்திச்சிதானே? மிச்சத்த ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிட்டு, பாத்தீங்களா, நான் அண்டைக்கே சொன்னன் எண்டுறீங்க. இப்ப என்ட மற்றதையும் காய்ச்சல் எண்டு அழிக்கச் சொல்றீங்க."

ஏணியில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

"சேர், மேல என்ன எழுதியிருக்கு? வாசிச்சுக் காட்டுங்க."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே."

"வாசிங்க."

அவர் வாசித்தார். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அவள் கேட்டுவிட்டு, அந்தச் சொல் வாவிக் கரையில் யாருக்குச் சொல்லப்பட்டது என்று சொன்னாள். அழாமல் சொன்னாள். தோணி வருவதையும், தாய்மார் கேட்பதையும், மேலுக்கு வராத பிள்ளையின் தாய் மற்றத் தாய்மாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதையும் சொன்னாள். ஓம் பிள்ளைகளே, பொறாமைதான். பிரேதம் கிடைத்தவளைப் பார்த்துக் கிடைக்காதவள் பொறாமைப்பட்ட ஊர் அது.

யூஸ்டஸ் சேர் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார்.

றோசம்மா விடவில்லை. "சரி, செத்த பிள்ளைய விடுங்க. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு வருவம். உங்கட மகன்ட படம் எங்க?"

"அவன்ட கதை எதுக்கு இப்ப?" என்றார் அவர். மகன் மேலே நிற்பதை மறந்தாரோ, மறக்கவில்லையோ, எனக்குத் தெரியாது. "எங்கட டடா தச்சன். அவர்ட டடாவும் தச்சன். நான் ஒராள்தான் படிச்சு அதுக்குள்ள இருந்து வெளிய வந்த. இவன் திரும்பியும் அதுக்குள்ளயே விழுந்திட்டான்."

டரல் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்தான். "டடா, நான் விழல்லியே. இன்னும் ஏணியிலதான் நிக்கிறன்."

வேறு நேரமென்றால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். றோசம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஜெராட்டின் வகுப்புப் பொடியன். ஜெராட் இருந்தால் அவனுக்கும் இப்படித்தான் தாடி முளைத்திருக்கும், முழங்கையில் மரத்தூள் ஒட்டியிருக்கும் அல்லது ஒட்டாமல் இருக்கும். அந்த வயதில், அந்த உயரத்தில், மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறான்.

"சேர்" என்றாள், "உங்கட மகன் உயிரோட நிக்கிறான். புள்ளி குறைஞ்சதால நிக்கிறான். இதுக்கு மேல ஒரு பிள்ளை எவ்வளவு மேலுக்கு வரணும்?"

வெளியே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடிக்கொண்டிருந்தன. யூஸ்டஸ் சேர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். பழைய காயத்தின் தழும்பு மினுங்கியது.

"அவங்கள எண்ணத் தொடங்கினா என்னால நிப்பாட்ட ஏலாது றோசம்மா" என்றார்.

"நிப்பாட்டச் சொன்னது ஆர்?" என்றாள் அவள்.

நீங்கள் நினைப்பீர்கள், இந்த இடத்தில் மனிதர் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று. இல்லை. மேசை லாச்சியை இழுத்து, சுட்டெண்ணை எடுத்து மேசையில் போட்டார். "எழுபது எடுக்கமாட்டா" என்றார்.

"தெரியும்."

"பிறகு என்னத்துக்கு?"

"காய்ச்சல் எண்டு சொல்லி, இருக்கிற பிள்ளைய இல்லாத பிள்ளையாக்க நான் விடமாட்டன். இல்லாத பிள்ளை எனக்கு ஏற்கெனவே ஒண்டு இருக்கு."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் படி இறங்கும்போது பின்னால் டரலின் குரல் கேட்டது. "டடா, அடுத்த படத்துக்கு வேற ஆளப் பாருங்க." பிறகு ஏணியை மடக்கும் சத்தம்.

ஆனால் வீட்டில் ஜெயராஜா இருக்கிறானே. ஞாயிறு விடிந்தது. மேர்லினின் சட்டையை முந்தின நாளே துவைத்து, கூனி காயும் பக்கம் போகாமல் அயல் வீட்டில் காயப்போட்டு வாங்கியிருந்தாள் றோசம்மா. தலை பின்னி, நம்பரைக் குத்தி, பென்சில் இரண்டையும் கையில் கொடுத்து வெளிக்கிட்டால், வாசற்படியில் ஜெயராஜா குறுக்கே குந்தியிருக்கிறான்.

"விலகுங்க."

"மாட்டன்."

"சோதினை ஒம்பது அரைக்கு."

"அதுதான் சொல்றன். அந்த நேரம்தான் கடல் வந்த." "உனக்கு விளங்காதுகா. நீ கொண்டுபோய் விடல்ல. நான்தான் விட்டன். அவன் பாரில இருந்து குதிக்கப் பாத்தான், நான்தான் பிடிச்சு வச்சிருந்தன்."

றோசம்மா அவனோடும் கோபப்பட்டாள். ஆனால் அந்தக் கோபம் வேறு கோபம். அவன் பக்கத்தில் படியில் குந்தினாள். "எனக்கும் பயம்தான்" என்றாள். "நெஞ்சு அடிக்கிற அடியில ராவு முழுக்க நித்திரை இல்ல. அதுக்காக ஒவ்வொரு ஞாயிறும் இவளப் பூட்டி வைக்கப்போறீங்களா? கடல் நம்மட ஒண்ட எடுத்திட்டு. மற்றத எடுக்க கடல் தேவையில்ல, நீங்களும் சேரும் போதும்."

மேர்லின் இருவரையும் பார்த்தபடி நின்றாள். பிறகு யூஸ்டஸ் சேரின் குரலில், அச்சொட்டாக, "பெற்றோர் ரெண்டு பேரும் வாங்கில இருந்து எழும்பவும். பிந்தி வாற பிள்ளைகளுக்கு மண்டபத்தில இடமில்ல" என்றாள்.

ஜெயராஜா சிரித்தானா அழுதானா தெரியாது. எழும்பினான். சைக்கிளைத் தொடவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "அப்பா, கை நோகுது" என்று அவள் சொன்ன பிறகும் விடவில்லை.

பரீட்சை நிலையம் வாவியோரத்து வேறு ஒரு பள்ளிக்கூடம். அங்கே பார்த்தால், மூன்று தாய்மாரில் மற்றொருத்தியும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். றோசம்மா நம்பரை வாங்கின கதை அன்றைக்கே வீட்டுத்திட்டம் முழுக்கப் பரவியிருந்தது; இவளும் போய்ச் சேரிடம் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"வயித்தோட்டம் நிண்டிட்டா?" என்று கேட்டாள் றோசம்மா.

"பிள்ளைக்கு நிண்டிட்டு. சேருக்குத்தான் இனித் தொடங்கும்" என்றாள் அவள்.

மூன்றாமவள் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்ன அந்தப் பிள்ளை வாசலில் பந்தடித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்வி. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயந்தவளை இன்னும் பயமுறுத்தத்தான் உலகம் காத்திருக்கிறது.

மேர்லின் உள்ளே போய் இருந்ததிலிருந்து ஜெயராஜா யன்னலருகே நின்றான். மேற்பார்வையாளர் வந்து கலைத்தார். மறுபக்க யன்னலுக்குப் போனான். அங்கிருந்தும் கலைத்தார்கள். "பிள்ளைக்கு விடை சொல்லிக் குடுக்கிறீரா?" என்று கேட்டார்கள். "எனக்கே தெரியாது ஐயா" என்றான். கடைசியில் வாவிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் போய், வாவியைப் பார்த்தபடி, காவற்காரன் மாதிரி நின்றான். தண்ணீர் தூங்குகிற மாதிரிக் கிடந்தது. அவன் அதை நம்பவில்லை. மணி அடிக்கும்வரை கண் வாங்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். மேர்லின் கடைசியாக வந்தாள்.

"எப்படி மகள்?"

"ரெண்டு பக்கம் விட்டிட்டன். பசிக்குது" என்றாள்.

மூன்று பேருமாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். றோசம்மாவின் கோபம் ஆறவில்லை. இன்றுவரை ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போன பிள்ளை திரும்பி வந்து சோற்றுக் கோப்பையை நீட்டியது. அவள் போட்டுக் கொடுத்தாள். ஜெயராஜா சாப்பிடாமல் மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புள்ளி வந்தது. நாற்பத்தெட்டு. நூற்றுக்கு நூறு உடைந்துபோனது. மேல் மாடி வந்ததா என்று கேட்டால், வந்தது. அடுத்த தேர்தலுக்கு முன்னம் தானாக வந்தது; அதற்கும் பிள்ளைகளின் புள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. சுவரில் எழுதியிருந்ததை யூஸ்டஸ் சேர் ஒரு நாள் வெள்ளையடித்து மறைத்தார் என்று சொல்கிறார்கள். படங்கள் அப்படியேதான் தொங்குகின்றன. ஜெராட்டின் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினாராம். றோசம்மா கொடுக்கவில்லை.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். கண்ணிலேயே தெரிகிறது. "மேர்லின் பிறகு என்ன ஆனாள்? நல்லா வந்தாளா?" அதைத்தானே? சொல்லமாட்டேன். வானொலியில் பேசுகிறாள் என்று சொன்னால், பார்த்தாயா, புள்ளியில் ஒன்றுமில்லை என்பீர்கள். கூனி காயவைக்கிறாள் என்று சொன்னால், பார்த்தாயா, சேர் அப்போதே சொன்னார் என்பீர்கள். இரண்டும் அந்தச் சுவரில் ஆணி அடிக்கிற வேலைதான். பிள்ளை இருக்கிறாள். சிரிக்கிறாள். சண்டை பிடிக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "என்ன" என்று கேட்கிறாள். அது காணாதா, போதாதா உங்களுக்கு?

காணும் என்று சொல்லுங்கள், என் செல்வங்களே. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். விடியற்காலை உங்கள் வாசலைத் தாண்டிப் போகிற அத்தனை கால்களும் அந்திக்குள் அதே வாசலைத் தாண்டி உள்ளே வரட்டும். உங்கள் பானையில் சோறு பிந்தி வருகிறவனுக்கும் மிஞ்சட்டும். கெட்டிக்காரப் பிள்ளையும் மந்தப் பிள்ளையும் ஒரே விளக்கின் கீழ் ஒன்றையொன்று கிள்ளிச் சண்டை பிடிக்கட்டும். அந்தச் சத்தம் உங்கள் வீட்டில் ஒருநாளும் ஓயாதிருக்கட்டும்.